பூட்டைப் பிடித்தபடி காத்திருந்த டிரைவர்: கொட்டியாரக்குடா நீர்மட்டப் பதிவி பற்றிய நிகழ்வு ஆய்வு

கொட்டியாரக்குடாவின் தென்கரையிலுள்ள ஒரு சிறிய இறங்குதுறையில் பொருத்தப்பட்ட நீர்மட்டப் பதிவி, பெட்டியின் விளக்குகள் எல்லாம் வழமைபோல எரிந்துகொண்டிருக்கும்போதே அளவுகளைப் பதிவதை மட்டும் நிறுத்திக்கொண்டதற்கான காரணத்தை இந்த ஆய்வு விளக்குகிறது. உப்புக்காற்று, மின்தடை, எஸ்டி அட்டை, சென்சார் என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றின் மீதும் சந்தேகம் போய்த் திரும்பிய பின்னர், கோளாறு லினக்ஸ் கர்னலுக்குள் ஓடும் டிரைவரின் மூடுபகுதியில், பூட்டை எடுக்கும் வரியும் இன்டரப்டை நிறுத்தும் வரியும் அமைந்திருந்த ஒழுங்கில் இருப்பது தெரியவந்தது. (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்; டிரைவர் என்பது ஒரு சாதனத்தை இயக்கும் நிரல், அதன் மூடுபகுதி சாதனத்தை மூடும்போது ஓடுவது; பூட்டு என்பது ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொடவிடும் காவல்; இன்டரப்ட் என்பது சாதனம் செயலியின் கவனத்தைக் கேட்டு எழுப்பும் குறி.) இதே அமைப்பு வேறு பல டிரைவர்களிலும் இருக்கக்கூடியது. பூட்டுகளைச் சோதிக்கும் கருவி அதை எங்களுக்குத் தானாகக் காட்டித்தரவும் இல்லை. ஆகவே தேடிய வழியையும் திருத்திய வழியையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பதிவியும் அதன் வேலையும்

திருகோணமலைப் பக்கத்துக் கடலில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. இங்கே நீர்மட்டத்தை அளப்பவருக்குச் சில சென்ரிமீற்றர்களே பெரிய செய்தி. மகாவலி கங்கை இந்தக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது என்பதால், மார்கழியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும்போது ஆற்று வெள்ளமும் வாடைக்காற்று கரையை நோக்கித் தள்ளும் நீரும் ஒன்றுசேர்ந்து, ஆழங்குறைந்த இடங்களில் படகு ஓட்டுவோரின் கணக்கை மாற்றிவிடும். ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் இந்தப் பதிவியைக் கேட்டதற்கு அதுவே காரணம். வெள்ள நாளொன்றில் விடுபட்ட ஒரு மணி நேர அளவு, அமைதியான மாதத்தில் விடுபட்ட ஒரு முழு நாளின் அளவைவிடப் பெறுமதியானது என்பதை அவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

கருவி எளிமையானது. கடலுக்குள் நிறுத்திய, அலையை அடக்கும் குழாயொன்றின் மேல்முனையில் மீயொலிச் சென்சார் இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல, நான்கு கருக்கள் கொண்ட ஏஆர்எம் செயலியுள்ள சிறு கணினிப் பலகையொன்று லினக்ஸில் ஓடுகிறது. இரண்டையும் ஐ2சி எனப்படும் இருகம்பித் தொடர்பு இணைக்கிறது. சென்சார் செக்கனுக்கு 4 அளவுகளை எடுக்கிறது. ஒவ்வோர் அளவும் தயாரானவுடன் ஒரு கம்பியை இறக்கி இன்டரப்ட் எழுப்புகிறது. ஐ2சி வழியாகப் படிப்பது மெதுவான வேலை என்பதாலும், அந்த வேலையின் நடுவே கர்னல் உறங்கி எழ வேண்டியிருப்பதாலும், டிரைவர் இழைவழி இன்டரப்ட் முறையைப் பயன்படுத்துகிறது. அதாவது, இன்டரப்ட் வந்த கணத்தில் நடப்பது ஓர் இழையை (கர்னலுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலையோட்டத்தை) எழுப்புவது மட்டுமே. சென்சாரைப் படிப்பதும், அளவை வரிசையில் இடுவதும், காத்திருக்கும் புரோகிராமை எழுப்புவதும் அந்த இழையின் வேலை. லினக்ஸின் பொதுக் கர்னலில் இந்த முறை 2009இல், 2.6.30ஆம் பதிப்போடு வந்தது.

மேலே ஓடும் பதிவுப் புரோகிராம் ஒவ்வொரு நிமிடமும் சாதனத்தைத் திறக்கும், குறித்த எண்ணிக்கையான அளவுகளைப் படிக்கும், மூடும். மூடும்போது டிரைவர் சென்சாருக்கு நிறுத்தற் கட்டளை அனுப்பி, இன்டரப்டை நிறுத்தி, வரிசைக்கு ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும். டிரைவர், சென்சாரை விற்றவர்கள் தந்த மாதிரி நிரலிலிருந்து வளர்ந்தது. அதில் ஒரே ஒரு மியூடெக்ஸ், அதாவது கிடைக்கும்வரை கேட்டவரை உறங்கவைக்கும் பூட்டு, இருந்தது. திறத்தல், படித்தல், மூடுதல், இன்டரப்ட் இழை ஆகிய நான்கும் தொடக்கத்தில் அதைப் பூட்டி, முடிவில் திறந்தன. பார்த்த மாத்திரத்தில் இதைவிடப் பாதுகாப்பான டிரைவர் இருக்க முடியாது என்றே தோன்றும்.

என்ன நடந்தது

நீண்ட காலம் குறையில்லாமல் ஓடிய பதிவி, பதிவுப் புரோகிராமில் ஒரு சிறிய மாற்றம் செய்யப்பட்ட பிறகு உறையத் தொடங்கியது. இறங்குதுறையின் காவலாளி அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, பெட்டியில பச்சை லைட் எரியுது, ஆனா நம்பர் மாறுதில்ல.” அவர் பிளக்கைக் கழற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மீண்டும் அதே நிலை.

பச்சை விளக்கு எரிந்ததற்குக் காரணம், காவல்நாய் கடிகாரம் எனப்படும் மீள்தொடக்கச் சுற்றுக்கு உயிர்க்குறி அனுப்பிக்கொண்டிருந்தது வேறொரு புரோகிராம் என்பதே. அளவு எடுக்கும் புரோகிராம் செத்தாலும் அது தன்பாட்டில் குறி அனுப்பிக்கொண்டே இருக்கும். உண்மையான வேலையைச் செய்யும் இழையின் நலத்தைக் கேட்காத காவல், காவலே அல்ல என்பது என் உறுதியான கருத்து; இதைப் பின்னர் மாற்றினோம்.

பிளக்கைக் கழற்றியதால் வேறொரு நட்டமும் ஏற்பட்டது. எஸ்டி அட்டை தேய்வதைக் குறைப்பதற்காகக் கர்னலின் செய்திகள் நினைவகத்தில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. மின் போனதும் சான்று முழுவதும் போய்விடும். ஆனால் உறைந்தது ஒரு புரோகிராம் மட்டுமே; கைத்தொலைபேசி மோடமும் தொலைவிலிருந்து உள்நுழையும் வசதியும் அப்போதும் உயிரோடுதான் இருந்தன. எனவே காவலாளியிடம், “ஐயா, இனி இப்படி வந்தா பிளக்கைக் கழற்றாம முதல்ல எங்களுக்குக் கோல் எடுங்க” என்று கேட்டுக்கொண்டோம். ஆய்வு உண்மையில் தொடங்கியது அந்த வேண்டுகோளிலிருந்துதான்.

உறைந்த இழைகளைப் படித்தல்

அடுத்த முறை உள்நுழைந்து பார்த்தபோது, பதிவுப் புரோகிராம் ‘டி’ நிலையில் இருந்தது. குறுக்கிட முடியாத உறக்கம் என்பது இதன் பொருள். கர்னலுக்குள் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. அது நிகழும்வரை எந்தச் சைகையும், 9ஆம் எண் கொலைச் சைகைகூட, அதைத் தொடாது. இந்த நிலை ஒரு செயன்முறையில் 120 செக்கன்களுக்கு மேல் நீடித்தால், முன்னிருப்பு அமைப்பில் கர்னலின் கண்காணிப்பு இழை அதைச் செய்திப் பதிவில் எழுதும். அங்கே எழுதப்பட்டிருந்தது, ஆனால் எழுதப்பட்டது ஒன்றல்ல, இரண்டு. பதிவுப் புரோகிராமோடு சேர்த்து, எங்கள் சென்சாரின் இன்டரப்ட் இழையும் அதே நிலையில் கிடந்தது.

இரண்டின் அழைப்பு அடுக்குகளையும், அதாவது எந்தச் சார்பு (பங்ஷன்) எதை அழைத்தது என்ற பட்டியல்களையும், எடுத்தோம். அடுக்கைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: அடியில் இருப்பது நுழைந்த வாசல், உச்சியில் இருப்பது உறங்கிய இடம். பதிவுப் புரோகிராமின் அடுக்கு, கோப்பை மூடும் அழைப்பில் தொடங்கி, எங்கள் டிரைவரின் மூடுபகுதிக்குள் நுழைந்து, இன்டரப்டை நிறுத்தும் கர்னல் சார்புக்குப் போய், அதன் உள்ளே இன்டரப்டோடு ஒத்திசையும் சார்பில் உறங்கியிருந்தது. இன்டரப்ட் இழையின் அடுக்கு, கர்னல் இழையின் தொடக்கத்திலிருந்து எங்கள் கையாளிக்குள் (அந்த இழையில் ஓடி இன்டரப்டைக் கவனிக்கும் சார்புக்குள்) வந்து, கையாளியின் முதல் வரியான மியூடெக்ஸைப் பூட்டும் இடத்தில் உறங்கியிருந்தது.

இந்த இரண்டு அடுக்குகளும் அருகருகே வந்தவுடன் கதை முழுவதும் வெளிச்சமானது. இன்டரப்டை நிறுத்தும் சார்பு, இனி இன்டரப்ட் வராமல் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்ட கையாளி, அது இழையாக ஓடுவதாயினும், முடியும்வரை காத்திருந்துவிட்டே திரும்பும். அப்படிக் காத்திருப்பதுதான் அதன் பயனே. அது திரும்பிய பின் நினைவகத்தை விடுவித்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று நம்பலாம். ஆனால் எங்கள் மூடுபகுதி அந்தச் சார்பை அழைத்தபோது மியூடெக்ஸைக் கையில் வைத்திருந்தது. கையாளி முடிய வேண்டுமானால் மியூடெக்ஸ் வேண்டும். மியூடெக்ஸ் விடுபட வேண்டுமானால் கையாளி முடிய வேண்டும். மீன்வாடியின் திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்குள் இருக்கும் வலையை எடுத்து வருமாறு மற்றவரை அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை எழும்பமாட்டேன் என்று வாசலில் இருப்பவரின் நிலை இது.

சோதனைக் கர்னலில் பூட்டுப் பட்டியலைப் பார்த்தபோது ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. இதைச் செய்யப்போகிறவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். அந்தப் பட்டியல், பூட்டை வைத்திருக்கும் இழையையும் பூட்டுக்காகக் காத்திருக்கும் இழையையும் வேறுபடுத்தாமல் ஒரே விதமாகவே காட்டுகிறது, ஏனெனில் பூட்டக் கேட்டவுடனேயே பெயர் பதியப்படுகிறது, கிடைத்த பிறகல்ல. இரண்டு இழைகளும் ஒரே மியூடெக்ஸை ‘வைத்திருப்பதாக’ அது சொல்லும். யார் வைத்திருக்கிறார், யார் கேட்டு நிற்கிறார் என்பதை அழைப்பு அடுக்கோடு ஒப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இதுதான். குறையுள்ள ஒழுங்கு முதல் நாளிலிருந்தே டிரைவரில் இருந்தது. பிறகு எப்படி அது மறைந்திருந்தது?

முதலில், ஆபத்தான இடைவெளி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். மூடுபகுதி மியூடெக்ஸைப் பூட்டிய கணத்துக்கும் இன்டரப்டை நிறுத்தும் கணத்துக்கும் இடையில் புதிய இன்டரப்ட் ஒன்று வந்தால் முட்டுக்கட்டை, அதாவது ஒன்றுக்கொன்று காத்திருந்து இரண்டும் நின்றுபோதல், நிச்சயம். அந்த இடைவெளியில் சென்சாருக்கு நிறுத்தற் கட்டளை போகிறது: முகவரி, பதிவேட்டு எண், மதிப்பு என 3 பைட்டுகள். ஐ2சியில் ஒரு பைட்டுக்கு ஒப்புதல் பிட்டோடு 9 துடிப்புகள் வேண்டும். 100 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்பு 10 மைக்ரோசெக்கன். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 மைக்ரோசெக்கன். அளவுகள் 250 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக வருகின்றன. மூடும் கணம் எதேச்சையாக அமைந்தால், ஒவ்வொரு மூடலிலும் ஏறத்தாழ 830இல் ஒரு பங்கு ஆபத்து உண்டு. நாளொன்றுக்கு 1,440 முறை மூடப்படும் சாதனத்தில் அது நாளுக்கு ஒன்றிரண்டு முறை நடந்தே தீர வேண்டும்.

ஆனால் பழைய புரோகிராமில் மூடும் கணம் எதேச்சையாக அமையவில்லை. அது கடைசி அளவைப் படித்த உடனேயே சாதனத்தை மூடியது. கடைசி அளவு கிடைத்ததே ஓர் இன்டரப்டால்தான். ஆகவே ஒவ்வொரு மூடலும் இன்டரப்ட் ஒன்று முடிந்து சில மில்லிசெக்கன்களுக்குள், அடுத்தது வர இன்னும் 240 மில்லிசெக்கன்களுக்கு மேல் இருக்கும்போது நடந்தது. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன; மோதவே முடியாது. எத்தனை ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் அந்தச் சோதனை எதையும் காட்டியிருக்காது. பல மாதங்கள் குறையில்லாமல் ஓடியது என்ற நற்சான்று, சோதனையின் பரப்பைப் பற்றிச் சொல்கிறதே ஒழிய, டிரைவரின் சரித்தன்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மாற்றம் நல்ல நோக்கத்தோடு வந்தது. மழைக்காலத்து மின்தடைகளில் கடைசி அளவுகள் அட்டையில் எழுதப்படாமல் இழக்கப்பட்டன என்பதால், சாதனத்தை மூடுவதற்கு முன்னரே அளவுகளின் சராசரியைக் கணித்து, அட்டையில் எழுதி, எழுத்து அட்டைக்குள் இறங்கிவிட்டதை உறுதிசெய்யும்படி புரோகிராம் திருத்தப்பட்டது. எஸ்டி அட்டை ஒருமுறை சில மில்லிசெக்கன்களில் எழுதி முடிக்கும். இன்னொருமுறை, உள்ளே தன் பகுதிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தால், சில நூறு மில்லிசெக்கன்கள் எடுக்கும். அந்தக் கணத்திலிருந்து மூடல், 250 மில்லிசெக்கன் சுற்றின் எந்த இடத்திலும் விழலாம் என்றானது. மேலே கணித்த 830இல் ஒன்று என்ற விகிதம் அப்போதுதான் உயிர்பெற்றது. கர்னலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மேலேயுள்ள புரோகிராமில் பூட்டுகளோடு தொடர்பற்ற ஒரு வரி மாறியது.

தேடும்போது இடைவெளியின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மற்றொரு சான்றும் கிடைத்தது. மூடுபகுதி எங்கே நிற்கிறது என்று அறிய, எங்கள் குழுவில் ஒருவர் மியூடெக்ஸைப் பூட்டிய வரிக்கு அடுத்ததாக ஒரு கர்னல் செய்தியைச் சேர்த்தார். உறைதல் பல மடங்கு கூடியது. அந்தச் செய்தியே குற்றவாளி என்று சிறிது நேரம் எண்ணப்பட்டது. உண்மை என்னவெனில், செய்தி சீரியல் கம்பி வழியாகப் போனது. 115,200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோசெக்கன் ஆகும், 60 எழுத்துள்ள வரிக்கு 5 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். 300 மைக்ரோசெக்கனாக இருந்த வாசலை நாங்களே அகலத் திறந்துவிட்டிருந்தோம்.

அதைக் கண்ட பின், உப்புவெளியிலுள்ள வேலையறையில் கோளாறை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கும் வழி எளிதாயிற்று. அதே இடத்தில் 200 மில்லிசெக்கன் உறக்கம் ஒன்றை வேண்டுமென்றே இட்டோம். பெரும்பாலான மூடல்கள் உறைந்தன. ஒருங்கியலும் இழைகளில் ஒரு முட்டுக்கட்டையைச் சந்தேகித்தால், சந்தேகிக்கும் இடைவெளியைச் செயற்கையாக அகட்டிப் பார்ப்பதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது. அகட்டியதும் கோளாறு பெருகினால் இடம் சரி. மாற்றமே இல்லையென்றால் வேறு இடத்தைப் பார்க்கலாம்.

நிராகரித்த திருத்தங்கள்

எட்வர்ட் காஃப்மனும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் 1971இல் வகுத்தபடி, முட்டுக்கட்டை உருவாக நான்கு நிலைகள் ஒருங்கே வேண்டும்: வளத்தை ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடிதல், ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல், வைத்திருப்பவரிடமிருந்து பறிக்க முடியாமை, காத்திருப்பு வட்டமாக மூடிக்கொள்ளுதல். ஏதாவது ஒன்றை உடைத்தால் போதும். எதை உடைப்பது என்பதில்தான் நல்ல திருத்தமும் கெட்ட திருத்தமும் பிரிகின்றன.

மியூடெக்ஸை, கேட்டவர் உறங்காமல் சுழன்றபடியே காத்திருக்கும் பூட்டான ஸ்பின்லாக்காக மாற்றலாம் என்ற யோசனை உடனே தள்ளப்பட்டது. ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாது, ஐ2சி பரிமாற்றமோ உறங்கும்.

காத்திருக்காமல் இன்டரப்டை நிறுத்தும் மற்றொரு சார்பும் கர்னலில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் உறைதல் நீங்கும். ஆனால் மூடுபகுதி வரிசையின் நினைவகத்தை விடுவித்துப் பூட்டையும் விட்ட பிறகு, காத்திருந்த இன்டரப்ட் இழை உள்ளே வந்து, இல்லாத நினைவகத்தில் எழுதும். உறைந்த பதிவியைக் காவலாளி கண்டுபிடிப்பார். சிதைந்த நினைவகத்தை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் கோளாற்றைத் தெரியாத கோளாற்றாக மாற்றும் எந்தத் திருத்தத்தையும் நான் ஏற்பதில்லை.

கையாளி மியூடெக்ஸைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் திரும்பிவிடட்டும் என்பது மூன்றாவது யோசனை. கேட்க இனிமையானது. எங்கள் சென்சாரோ, அளவைப் படிக்கும்வரை கம்பியை இறக்கியே வைத்திருப்பது. கையாளி படிக்காமல் திரும்பினால் இன்டரப்ட் மறுகணமே மீண்டும் எழும். இழை மீண்டும் ஓடும், மீண்டும் திரும்பும். இன்டரப்ட் இழைகள் நிகழ்நேர முன்னுரிமையில், வழமையாக 50இல், ஓடுகின்றன. ஒரே கரு உள்ள பலகையில் இந்தச் சுழற்சி அந்தக் கருவின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கி, பூட்டை வைத்திருக்கும் சாதாரண முன்னுரிமைப் புரோகிராமையே ஓடவிடாமல் செய்யும். நான்கு கருக்களில் தப்பிக்கலாம். ஆனால் கருக்களின் எண்ணிக்கையை நம்பி நிற்கும் டிரைவரை வேறு பலகைக்குக் கொண்டுபோக முடியாது.

ஏற்ற திருத்தம்

உடைக்க வேண்டியது இரண்டாவது நிலை: பூட்டைப் பிடித்தபடி காத்திருத்தல். புதிய மூடுபகுதி முதலில் மியூடெக்ஸைப் பூட்டி, சாதனம் ஓடவில்லை என்ற குறியை இட்டு, சென்சாருக்கு நிறுத்தற் கட்டளையை அனுப்பி, மியூடெக்ஸை விடுகிறது. அதன் பிறகே இன்டரப்டை நிறுத்தி, கையாளி முடியும்வரை காத்திருக்கிறது. காத்திருப்பு முடிந்த பின் நினைவகத்தை விடுவிக்கிறது. இடையில் வந்துவிட்ட கையாளிக்குத் தடையின்றி மியூடெக்ஸ் கிடைக்கும். குறியைப் பார்த்து எதையும் தொடாமல் வெளியேறும். நிறுத்தற் கட்டளை எங்கள் சென்சாரில் இன்டரப்ட் கம்பியையும் விடுவித்துவிடுவதால், அதே இன்டரப்ட் திரும்பத் திரும்ப எழுவதில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் புதிய ஓட்டை ஒன்று திறந்திருக்கும். மூடுபகுதி மியூடெக்ஸை விட்டபின், இன்டரப்டை நிறுத்துவதற்கு முன், வேறொரு புரோகிராம் சாதனத்தைத் திறக்கலாம். இன்டரப்டை நிறுத்துவதும் மீள இயக்குவதும் கர்னலில் எண்ணப்படும் செயல்கள்; இரண்டும் குறுக்குமறுக்காக விழுந்தால், திறந்த சாதனத்துக்கு நினைவகம் இல்லாத நிலையோ, மூடிய சாதனத்தின் இன்டரப்ட் உயிரோடிருக்கும் நிலையோ வரும். எனவே பூட்டுகளை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று, திறத்தலையும் மூடுதலையும் வரிசைப்படுத்தும் வாழ்க்கைப் பூட்டு. கையாளி அதை ஒருபோதும் தொடாது. ஆகவே அதைப் பிடித்தபடி கையாளிக்காகக் காத்திருப்பதில் வட்டம் மூடாது. மற்றது, அளவு வரிசையையும் ஓடும் குறியையும் சென்சாரோடு நடக்கும் பரிமாற்றத்தையும் காக்கும் தரவுப் பூட்டு. இதைப் பிடித்தபடி யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. இரண்டும் வேண்டியபோது வாழ்க்கைப் பூட்டே முதலில்.

மாதிரி நிரலில் ஒரே பூட்டு எல்லாச் சார்புகளையும் முழுவதுமாகப் போர்த்தியிருந்ததற்கு ஒரு பழைய மரபு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். 1996இல் லினக்ஸ் 2.0, பல செயலிகளுக்கு ஆதரவளித்தபோது, கர்னல் முழுவதற்கும் பெரிய பூட்டு ஒன்று வந்தது. அது 2011இல் 2.6.39ஆம் பதிப்பில்தான் முற்றாக அகற்றப்பட்டது. அந்தப் பெரிய பூட்டுக்கு வேறெந்தப் பூட்டுக்கும் இல்லாத குணம் ஒன்று இருந்தது: பிடித்திருந்தவர் உறங்கப் போனால் கர்னலே அதை விடுவித்து, எழுந்தவுடன் மீளக் கொடுக்கும். அந்தக் குணத்தின் கீழ், பூட்டைப் பிடித்தபடி கையாளிக்குக் காத்திருப்பது இந்த விதமாக உறைய முடியாது. பெரிய பூட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் மியூடெக்ஸை வைத்தால், வெளித்தோற்றம் மாறாமல் அந்தக் குணம் மட்டும் போய்விடும். பூட்டு காப்பது தரவை; நிரலின் வரிகளை அல்ல. எந்தத் தரவு என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடியாத பூட்டு டிரைவரில் இருந்தால், அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவிக்குக் கற்பித்தல்

லினக்ஸ் கர்னலில், பூட்டுகள் எடுக்கப்படும் ஒழுங்கைக் கண்காணிக்கும் லாக்டெப் என்னும் சோதனைக் கருவி 2006இல் 2.6.18ஆம் பதிப்போடு சேர்ந்தது. இதன் சிறப்பு, முட்டுக்கட்டை உண்மையில் நிகழ வேண்டியதில்லை என்பதே. ஒரு நேரத்தில் முதற்பூட்டுக்குள் இரண்டாம் பூட்டும், வேறொரு நேரத்தில் இரண்டாம் பூட்டுக்குள் முதற்பூட்டும் எடுக்கப்பட்டதைக் கண்டாலே எச்சரிக்கும். எங்கள் டிரைவரை லாக்டெப் இயங்கும் கர்னலில் ஓட்டியபோது அது மௌனமாக இருந்தது. காரணம் தெளிவு: அது பார்த்தது ஒரே ஒரு பூட்டை. மறுபக்கத்தில் இருந்தது பூட்டல்ல, கையாளி முடிவதற்கான காத்திருப்பு. அதை எங்கள் கர்னலின் லாக்டெப் ஒரு பூட்டாக எண்ணவில்லை.

ஆனால் உண்மையில் அந்தக் காத்திருப்பும் ஒரு பூட்டே. கையாளி நுழையும்போது அது பூட்டப்படுகிறது, வெளியேறும்போது திறக்கப்படுகிறது, முடிவுக்குக் காத்திருப்பவர் அதை எடுத்து உடனே விடுபவருக்குச் சமம். இப்படிப் பார்க்கத் தொடங்கினால், டிரைவர் எழுதுவோர் தம் பூட்டு ஒழுங்குப் பட்டியலில் எழுதாமல் விட்ட பல பூட்டுகள் தெரியவரும்: டைமரை நீக்கி அது முடியக் காத்திருத்தல், பணிவரிசையில் இட்ட வேலையை இரத்துச்செய்து காத்திருத்தல், கர்னல் இழையை நிறுத்தி அது வெளியேறக் காத்திருத்தல், இன்டரப்டை விடுவித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: நான் காத்திருக்கும் அந்த வேலை, நான் இப்போது பிடித்திருக்கும் எந்தப் பூட்டையாவது கேட்குமா?

கர்னலின் பணிவரிசைப் பகுதி இதை ஏற்கெனவே லாக்டெப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போலிப் பூட்டு உண்டு, வேலை ஓடும்போது அது எடுக்கப்பட்டதாகவும், வேலைக்குக் காத்திருப்பவர் அதை எடுத்துவிட்டதாகவும் பதியப்படுகிறது. அதே முறையை எங்கள் டிரைவருக்குள் எழுதினோம். கையாளியின் முதல் வரியில் போலிப் பூட்டை எடுத்ததாகவும், கடைசி வரியில் விட்டதாகவும், மூடுபகுதியில் இன்டரப்டை நிறுத்துவதற்குச் சற்று முன் எடுத்து உடனே விட்டதாகவும் பதிந்தோம். உண்மையில் எதுவும் பூட்டப்படுவதில்லை. லாக்டெப் இல்லாத கர்னலில் இந்த வரிகள் வெற்றாகிவிடும். பிறகு பழைய, குறையுள்ள ஒழுங்கை வேண்டுமென்றே மீளக் கொண்டுவந்து, செயற்கை உறக்கம் எதுவும் இல்லாமல் ஓட்டினோம். ஓர் அளவு வந்து ஒரு மூடல் நடந்த உடனேயே, எந்த உறைதலும் இல்லாதபோதே, வட்டக் காத்திருப்பு என்று லாக்டெப் அறிவித்தது. 830இல் ஒன்றாக இருந்த கோளாறு முதல் ஓட்டத்திலேயே பிடிபடும் கோளாறாக மாறியது. திருத்திய ஒழுங்கில் அறிவிப்பு வரவில்லை. எங்கள் எல்லா டிரைவர்களிலும் இந்த வரிகள் இப்போது நிலையாக இருக்கின்றன. லாக்டெப் ஓட்டத்தை மந்தமாக்குவதால் அதை வேலையறைக் கர்னலில் மட்டும் இயக்குகிறோம்.

மற்ற மாற்றங்கள்

காவல்நாய் கடிகாரத்துக்குக் குறி அனுப்பும் புரோகிராம், இப்போது கடைசியாகப் பதியப்பட்ட அளவின் நேரத்தைப் பார்த்த பிறகே குறி அனுப்புகிறது. கர்னலின் செய்திகளில் உறைதல் பற்றியவை மட்டும் அட்டையிலும் எழுதப்படுகின்றன.

டிரைவரை அகற்றும் பகுதியைத் திரும்பப் படித்தபோது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குறையும் அகப்பட்டது. இன்டரப்ட், சாதனத்தோடு தானாக விடுவிக்கப்படும் வகையில் பெறப்பட்டிருந்தது. அவ்வகை வளங்கள் அகற்றும் சார்பு திரும்பிய பின்னரே, பெற்ற ஒழுங்குக்கு எதிரான ஒழுங்கில் விடுவிக்கப்படும். ஆனால் கையாளி தொடும் கட்டமைப்பு ஒன்றை அகற்றும் சார்பு தன் கையாலேயே முன்கூட்டி விடுவித்துக்கொண்டிருந்தது. இடையில் ஓர் இன்டரப்ட் வந்தால் கையாளி விடுவித்த நினைவகத்தைத் தொடும். சாதனம் திறந்திருக்கும்போது டிரைவரை யாரும் அகற்றுவதில்லை என்பதால் இது வெளிப்பட்டிருக்கவில்லை. அந்தக் கட்டமைப்பையும் இன்டரப்டுக்கு முன்னரே, தானாக விடுவிக்கப்படும் வகையில் பெறும்படி மாற்றினோம். எதிரொழுங்கில் இன்டரப்ட் முதலில் போகும், நினைவகம் அதற்குப் பின்னரே போகும்.